கிளாசிக்கல் செஸ்ஸை எடுத்துவிட்டு ரேபிட் மட்டும் வைத்தால் என்ன இழப்போம்?

சிப்பாய்நடை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் கிளப் ஆண்டுதோறும் நடத்தும் ஓப்பன் போட்டி இதுவரை ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாகச் சேரும் 30 விநாடி இன்க்ரிமென்ட் என்ற கிளாசிக்கல், அதாவது நீண்ட நேர, கணக்கில் நடந்துவருகிறது. அடுத்த முறை இதை 25 நிமிடம், 10 விநாடி ரேபிட்டாக மாற்றிவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு எழுந்திருக்கிறது. பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்தப் பக்கம்தான். இரு தரப்புக் காரணங்களையும் எழுதி முன்வைக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது.

மாற்றக் கேட்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 90+30 என்றால் 60 நகர்த்தல் ஆட்டத்துக்கு ஆளுக்கு 120 நிமிடம், மொத்தம் நான்கு மணி நேரம். ஒன்பது சுற்றுக்கு, ஒரு நாளைக்கு இரண்டு வைத்தாலும் ஐந்து நாள் வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அவ்வளவு விடுப்பு கிடைப்பதில்லை. ரேபிட்டில் அதே ஒன்பது சுற்றை சனி, ஞாயிறில் முடித்துவிடலாம்.

இன்னொரு வாதம், உலகமே அந்தத் திசையில்தான் போகிறது என்பது. 2018இல் லண்டனில் உலகப் பட்டத்துக்காகக் கார்ல்சனும் கருவானாவும் ஆடிய 12 கிளாசிக்கல் ஆட்டங்களும் டிரா. கடைசியில் ரேபிட்தான் சாம்பியனைச் சொன்னது. கார்ல்சன் 2022இல் பட்டத்தைக் காக்கவே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். 2025இல் நார்வே செஸ் அமைப்பு அறிவித்த புதிய உலகச் சுற்றில் 45 நிமிடம் + 30 விநாடி என்ற ‘ஃபாஸ்ட் கிளாசிக்’தான் மிக நீண்ட ஆட்டம். இப்படி அடுக்கிக்கொண்டே போகிறார்கள்.

எனக்கு மெதுவான ஆட்டம்தான் பிடிக்கும். ஆனால் பிடிக்கும் என்பதை வைத்துக் கமிட்டியில் வாதாட முடியாது. அதனால் குறிப்பாகக் கேட்கிறேன்: கிளாசிக்கலை எடுத்துவிட்டால் ஆடுபவர் இழப்பது என்ன? அது 45+30 அல்லது 60+30இல் கிடைத்துவிடுமா? ரேபிட் பக்கம் இருப்பவர்களும் தயங்காமல் எழுதுங்கள், உங்கள் காரணங்களையும் அப்படியே முன்வைக்கப்போகிறேன்.

மூன்றுநிமிடம் எழுதியது:

நான் ரேபிட் பக்கம். மாற்றுங்கள் என்றே சொல்வேன்.

கிளாசிக்கலில் இன்று யாருடைய மூளை ஆடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். செஸ் இன்ஜின் (ஆடும் கணினி நிரல்) காட்டிய வரிசையை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். முதல் பதினெட்டு, இருபது நகர்த்தல் வீட்டிலேயே முடிந்த வேலை. எதிராளி புதிதாக ஒன்றைக் காட்டினாலும் பலகை முன்னால் நாற்பது நிமிடம் உட்கார்ந்து அதற்கு மறுப்பைக் கண்டுபிடித்துவிடலாம். ரேபிட்டில் அந்த வசதி கிடையாது. மனப்பாடம் தீர்ந்த இடத்திலிருந்து ஆட்டம் அவருடையது.

ரேபிட் என்றால் ஆழமில்லை என்பவர்கள் 2023இல் அஸ்தானாவில் நடந்ததைத் திரும்பப் பார்க்க வேண்டும். உலகப் பட்டத்துக்கு ஆடிய டிங் லிரெனும் நெபோம்னியாச்சியும் 14 கிளாசிக்கல் ஆட்டம் முடிந்து 7–7. ரேபிட்டின் நான்காவது ஆட்டம். டிரா ஆகியிருக்க வேண்டிய நிலையில், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, டிங் தன் யானையைத் தானே ‘பின்’னில் (விலகினால் ராஜாவுக்குச் செக் வரும் கட்டில்) மாட்டி g6 கட்டத்தில் வைத்தார். அந்த நகர்த்தலைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது. உலகப் பட்டம் அங்கிருந்துதான் வந்தது.

இது சின்னப் பையன்களின் விளையாட்டு என்பதும் சரியில்லை. விஸ்வநாதன் ஆனந்த் 2017இல் ரியாத்தில் உலக ரேபிட் பட்டம் வென்றபோது அவருக்கு 48 வயது. மகளிர் உலக ரேபிட் பட்டத்தைக் கோனேரு ஹம்பி 2019இல் ஒரு முறை, 2024இல் இன்னொரு முறை வென்றார். அனுபவத்துக்கு அங்கேயும் மதிப்பு இருக்கிறது.

இன்னொன்று. போட்டி குறுகினால் அதிகம் பேர் வருவார்கள். அதிகம் பேர் வந்தால்தான் விளையாட்டு உயிரோடு இருக்கும். ஐந்து நாள் ஒதுக்க முடிந்தவர்களுக்கு மட்டும் ஒரு போட்டி என்றால், ஒதுக்க முடியாதவர்களை வெளியே நிறுத்திவைக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

ஏழாம்வரிசையானை எழுதியது:

நான் பயிற்சியும் கொடுக்கிறேன், போட்டிகளில் ஆர்பிட்டராகவும் (நடுவராகவும்) நிற்கிறேன். இரண்டு வேலையிலும் பார்த்ததை வைத்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் அந்த 2018. கிளாசிக்கல் செத்துவிட்டது என்பதற்கு எல்லாரும் எடுத்துக்காட்டுவது அந்த 12 டிராக்களைத்தான். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். போட்டிக்கு வந்தபோது கார்ல்சனின் ரேட்டிங் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்) 2835, கருவானாவுடையது 2832. கிளாசிக்கலில் இருவரும் சமம் என்று ரேட்டிங் சொன்னது, 6–6 என்று பலகையும் சொன்னது. அதே இருவர் ரேபிட்டுக்குப் போனதும் 3–0. இரண்டும் ஒரே திறமையை அளந்திருந்தால் இந்த வித்தியாசம் வந்திருக்காது. உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே 2012இலிருந்து ரேபிட்டுக்கும் அதைவிட வேகமான பிளிட்ஸுக்கும் தனித்தனி ரேட்டிங் கொடுப்பதும் அதனால்தான். ரேபிட் ஒரு தனித் திறமை. அதற்கு மரியாதை உண்டு, பட்டமும் உண்டு. ஆனால் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை அந்த இடத்தில் வைத்தால், முதலாவதை அளக்க யாரிடமும் எதுவும் இருக்காது. 2006இலிருந்து பார்த்தால் உலகப் பட்டம் ஐந்து முறை (2006, 2012, 2016, 2018, 2023) ரேபிட்டில் முடிவாகியிருக்கிறது. ஐந்து முறையும் ஒரு நீண்ட கிளாசிக்கல் தொடர் சமனில் நின்ற பிறகுதான் ரேபிட் வந்தது. அந்த வரிசை முக்கியம்.

செஸ்ஸில் நேரம் குறைவது புதிதில்லை, அதைக் கண்டு பயப்படவும் வேண்டாம். 1851 லண்டன் போட்டியில் கடிகாரமே கிடையாது. எதிராளி யோசித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். 1861இல் ஆண்டர்சனும் கோலிஷும் மணற்கடிகாரம் வைத்து ஆடினார்கள். இரட்டை முகக் கடிகாரம் 1883 லண்டனில் வந்தது. நான் ஆடத் தொடங்கிய காலத்தில் 40 நகர்த்தலுக்கு இரண்டரை மணி நேரம், முடியாவிட்டால் ஆட்டத்தை நிறுத்தி, அடுத்த நகர்த்தலை எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டு, மறுநாள் தொடர்வோம். 1972 உலகப் பட்டப் போட்டியில், ஃபிஷரோடு ஆடிய கடைசி ஆட்டத்தில், ஸ்பாஸ்கி அப்படி ஒரு நகர்த்தலை உறையில் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் பலகைக்கு வரவில்லை, தோல்வியைத் தொலைபேசியில் சொன்னார். ஃபிஷர் சாம்பியன் ஆனது அப்படித்தான். கணினி வலுத்ததும் உறை போய்விட்டது, போனது சரிதான். அதே ஃபிஷர் 1980களின் கடைசியில் காப்புரிமை வாங்கி, 1992இல் ஆடிக்காட்டிய கடிகாரம்தான் இன்று நாம் பேசும் இன்க்ரிமென்ட். ஆகவே நேரத்தைக் குறைக்கலாம். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதுதான் கேள்வி.

எனக்கு அந்த இடம் தெளிவாகத் தெரியும். முதலில் தோன்றிய நகர்த்தலைச் சந்தேகித்துப் பார்க்க நேரம் இருக்கும்வரை அது நீண்ட ஆட்டம். அந்த நேரம் போய்விட்டால் அது வேறு ஆட்டம்.

என் மாணவர்களிடம் ஸ்கோர் ஷீட்டில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பக்கத்தில் மீதி நேரத்தையும் எழுதச் சொல்வேன். விதியே அனுமதிக்கிறது. நகர்த்தல், கடிகார நேரம், டிரா கேட்டது இதெல்லாம் தாளில் எழுதலாம். ஆட்டம் முடிந்து உட்காரும்போது நான் முதலில் பார்ப்பது அந்த நேர வரிசையைத்தான். எங்கே யோசித்தாய், எங்கே யோசிக்காமல் கை போனது, எல்லாம் அதில் தெரியும்.

ஒரு பெண் குழந்தையின் தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. யானைகளும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய யானை முடிவாட்டம், அவளுக்கு ஒரு சிப்பாய் அதிகம். யானையை மாற்றிக்கொண்டு சிப்பாய் முடிவாட்டத்துக்குப் போனால் சுலபமாக ஜெயிக்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவளுக்கும் தோன்றியிருக்கிறது. தாளில் அந்த நகர்த்தலுக்கு முன்னால் 11 நிமிடம், பின்னால் 4. ஏழு நிமிடம் உட்கார்ந்து, யானைகள் போன பிறகு ராஜாக்கள் எதிரெதிரே வரும் கணக்கு ஒரு நகர்த்தலில் தனக்குப் பாதகமாக முடிவதைக் கண்டுபிடித்திருக்கிறாள். யானையை வைத்துக்கொண்டாள், ஜெயித்தாள். அதே நிலையை மற்ற பிள்ளைகளுக்கு வைத்து, நகர்த்தலுக்கு பத்து விநாடி கொடுத்தேன். அத்தனை பேரும் யானையை மாற்றினார்கள். அவர்களில் அவளைவிடக் கெட்டிக்காரர்களும் உண்டு. கையிலிருந்த நேரம்தான் வேறு.

பெரியவர்களிலும் இதேதான். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆன அந்த 14ஆவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம், ஆனால் டிரா ஆகும் நிலை. எத்தனையோ பேர் கைகுலுக்கியிருப்பார்கள். அவர் அழுத்திக்கொண்டே இருந்தார். 55ஆவது நகர்த்தலில் டிங் யானையை f2வுக்குக் கொண்டுவந்து, மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். யானைகள் மாறின. உடனே குகேஷ் பிஷப்பை d5இல் வைத்தார், அதையும் மாற்றியே ஆகவேண்டும் என்ற நிலை. மிஞ்சியது தோற்றுப்போன சிப்பாய் முடிவாட்டம். தொடர் முழுக்க நல்ல ஆட்டங்களைக் காட்டிய டிங், இரண்டரை வாரக் களைப்புக்குப் பிறகு, ஒரு முறை திரும்பிப் பார்க்கவில்லை. ரேபிட்டில் இந்தத் தவறு தினமும் நடக்கும், யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே அது உலகப் பட்டத்தை முடிவு செய்தது, ஏனென்றால் திரும்பிப் பார்க்க நேரம் இருந்தும் நடந்தது. பதினான்கு ஆட்டம் ஒருவரைத் தாங்கவைத்து, சோதித்து, கடைசியில் அந்த இடத்துக்குக் கொண்டுவந்தது.

இனி ஆர்பிட்டராக. ரேபிட்டில் நகர்த்தல்களை எழுதும் கட்டாயம் இல்லை. இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். மூன்று முறை அதே நிலை வந்தது என்று ஒருவர் டிரா கேட்டால், தாள் இல்லாமல் நான் எதை வைத்துப் பார்ப்பது? காய் வெட்டாமலும் சிப்பாய் நகராமலும் 50 நகர்த்தல் போனால் டிரா கேட்கலாம் என்ற விதிக்கும் அதே கதை. ஒரே ஆர்பிட்டர் பல பலகைகளைப் பார்க்கும் போட்டியில் இது தினம் தினம் வரும் தகராறு. ஆட்டம் முடிந்தபின் அந்த ஆட்டமே இருக்காது, தோற்ற பையனுக்கு எதனால் தோற்றோம் என்று பார்க்கவும் எதுவும் இருக்காது. கிளாசிக்கலில் 30 விநாடி இன்க்ரிமென்ட் வைப்பதற்குக் காரணமும் இங்கேதான். 30 விநாடி அல்லது அதற்கு மேல் இருந்தால் கடைசி நகர்த்தல்வரை எழுதியே ஆகவேண்டும். குறைவாக இருந்தால், ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனதும் எழுதுவதை விட்டுவிடலாம்.

நேரடியாக உங்கள் கேள்விக்கு: 45+30 என்பது 60 நகர்த்தலுக்கு ஆளுக்கு 75 நிமிடம். சட்டப்புத்தகப்படி அது ரேபிட் இல்லை, ஏனென்றால் ரேபிட் என்றால் 60 நிமிடத்துக்குக் கீழே. ஆனால் கிளாசிக்கல் ரேட்டிங்கில் சேர, ஆடுபவரின் ரேட்டிங் உயர உயர குறைந்தபட்ச நேரமும் உயரும், உச்சியில் 120 நிமிடம். உங்கள் போட்டிக்கு யார் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். என் தனிக் கருத்து 60+30. ஆளுக்கு 90 நிமிடம், ஒரு ஆட்டம் மூன்று மணி நேரம். ஒரு நாளில் இரண்டு சுற்று தாராளமாக வைக்கலாம், மதியம் மனிதர்கள் மூச்சும் விடலாம்.

டிராதான் பிரச்சினை என்றால் நேரத்தைத் தொடாமலே தீர்க்க வழி இருக்கிறது. 2024 உலகப் பட்டத்தில் 40ஆவது நகர்த்தலுக்கு முன்னால் டிரா பேசக்கூடாது என்று வைத்தார்கள். நார்வே செஸ்ஸில் 2019இலிருந்து கிளாசிக்கல் டிரா ஆனால் அங்கேயே ஆர்மகெடான் (டிரா ஆனால் கறுப்புக்கே வெற்றி என்ற வேக ஆட்டம்) ஆடவேண்டும், கிளாசிக்கலிலேயே ஜெயித்தவருக்குப் புள்ளி அதிகம். ஆட்டத்தைச் சுருக்காமல், உட்கார்ந்து ஆட ஒரு காரணம் கொடுத்தார்கள்.

மூன்றுநிமிடம் எழுதியது:

சார், தாள் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். நீண்ட ஆட்டத்தின் பெருமைக்கு எல்லாரும் காட்டுவது 2021 துபாய் உலகப் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டம். கார்ல்சன் நெபோம்னியாச்சியை வென்ற ஆட்டம், 136 நகர்த்தல், ஏழே முக்கால் மணி நேரம். அந்தப் போட்டியின் கணக்குப்படி 61ஆவது நகர்த்தலிலிருந்து 15 நிமிடமும் 30 விநாடி இன்க்ரிமென்ட்டும்தான். கடைசி 76 நகர்த்தலை இருவரும் ஏறக்குறைய விநாடிக் கணக்கில் ஆடினார்கள். நெபோம்னியாச்சி 130ஆவது நகர்த்தலில் ராணியைத் தவறான இடத்தில் வைத்ததும் அந்த அவசரத்தில்தான். அப்படிப் பார்த்தால் வரலாற்றின் மிக நீண்ட உலகப் பட்ட ஆட்டத்தை முடித்துவைத்தது வேகச் செஸ்தானே?

ஏழாம்வரிசையானை எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. அவசரம் இருந்தது உண்மை. ஆனால் அந்த அவசரத்துக்குள் அவர்கள் எதைக் கொண்டுவந்தார்கள் என்று பார். ஒரு பக்கம் ராணி, இன்னொரு பக்கம் யானையும் குதிரையும் சிப்பாய்களும். அந்த நிலைக்கு வரும்போது ஒவ்வொருவரும் அதைப் பற்றி மணிக்கணக்கில் யோசித்து முடித்திருந்தார்கள். எந்தச் சிப்பாய் எங்கே நிற்கலாம், ராணி எந்தக் கோட்டிலிருந்து செக் கொடுக்கும், எது டிரா, எதுவரை போகலாம் என்று. கடைசியில் கை வேகமாக நகர்ந்தது, பின்னால் அந்த யோசனை நின்றது. 25+10இல் அதே நிலை வந்தால் யோசனை இல்லாத வேகம் மட்டும்தான் இருக்கும். என்னிடம் ஆட்டங்கள் வருகின்றன, பார்க்கிறேன். ரேபிட்டில் ராணிக்கு எதிராக யானையும் குதிரையும் வந்தால் பிள்ளைகள் பத்து நகர்த்தலில் ஏதோ ஒன்றைக் கொடுத்துவிடுகிறார்கள்.

நீ சொன்ன அந்த டிங்கின் g6 நகர்த்தல் எனக்கும் பிடிக்கும். அந்தத் துணிச்சலும் பதினான்கு கிளாசிக்கல் ஆட்டம் நெபோம்னியாச்சியோடு உட்கார்ந்த மனிதனுடையது. எதிராளி அந்த நேரத்தில் எப்படி இருப்பார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்று நான் நம்புகிறேன்.

இன்ஜின் மனப்பாடம் பற்றி நீ சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை, உச்சியில் அது உண்மையான நோய். ஆனால் கிளப் போட்டிக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் இருபது நகர்த்தல் மனப்பாடத்தோடு வருகிறார்கள்? எட்டாவது நகர்த்தலிலேயே சொந்தமாக யோசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களிடமிருந்து நேரத்தைப் பிடுங்குவது, வேறு யாருடைய நோய்க்கோ இவர்களுக்கு மருந்து கொடுப்பது.

புடைத்தகட்டம் எழுதியது:

இங்கே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லவேண்டும் என்று எழுதுகிறேன். எனக்குப் பார்வை கிடையாது. பார்வையுள்ளவர்களோடு ஓப்பன் போட்டிகளில் ஆடுகிறேன்.

என் பலகை தனி. ஒவ்வொரு கட்டத்திலும் துளை, காய்களுக்கு அடியில் முளை. கறுப்புக் கட்டங்கள் கொஞ்சம் மேலே எழும்பியிருக்கும், கறுப்புக் காய்களில் விரல் அறியும் ஒரு குறி இருக்கும். எதிராளி தன் பலகையில் நகர்த்துவார், நான் என் பலகையில். ஒவ்வொரு நகர்த்தலையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். எதிராளி அதைத் திரும்பச் சொல்லி, தன் பலகையிலும் வைக்கவேண்டும். b, c, d, e எல்லாம் காதுக்கு ஒன்றுபோல் கேட்கும் என்பதால் விதிப்படி a வரிசைக்கு ஆன்னா, bக்கு பெல்லா, cக்கு சீசர், dக்கு டேவிட், eக்கு ஈவா, fக்கு ஃபெலிக்ஸ், gக்கு குஸ்டாவ், hக்கு ஹெக்டர் என்று சொல்வோம். ‘குதிரை, ஃபெலிக்ஸ் மூன்று’ என்று.

எனக்கு ஒரு நிலையைப் ‘பார்ப்பது’ என்றால் விரல்களால் பலகை முழுக்க ஒரு முறை போய்வருவது. பெரும்பாலும் தலைக்குள்ளேயே வைத்திருப்பேன், ஆனால் சிக்கலான இடத்தில் தொட்டு உறுதி செய்துகொள்ளாமல் நகர்த்தமாட்டேன். 90+30இல் இதற்கு நேரம் இருக்கிறது. அங்கே நான் எல்லாரையும்போல ஒரு ஆட்டக்காரி. ஜெயித்தால் நன்றாக ஆடினேன் என்று பொருள், தோற்றால் மோசமாக ஆடினேன் என்று பொருள். 25+10இல் கடைசி ஐந்து நிமிடத்தில், நகர்த்தலைச் சொல்லி, கேட்டு, வைத்து, தொட்டு முடிப்பதற்குள் பத்து விநாடி போய்விடுகிறது. அங்கே என் செஸ்ஸை யாரும் சோதிப்பதில்லை.

ரேபிட் போட்டிகளுக்கும் நான் போவதுண்டு, அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. ஆனால் ஒரு கிளப்பின் ஒரே பெரிய போட்டியே அதுவாகிவிட்டால், எனக்கு அங்கே கதவு மூடிவிட்டது என்று அர்த்தம். அதிகம் பேர் வரவேண்டும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். யார் வருவார்கள் என்று எண்ணும்போது யார் வரமுடியாமல் போவார்கள் என்பதையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள். கை நடுங்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். பக்கத்துக் காயைத் தட்டாமல் ஒரு சிப்பாயை எடுத்துவைக்கவே அவர்களுக்கு நிதானம் வேண்டும்.

60+30 எனக்குப் போதும். இன்க்ரிமென்ட் 30 விநாடியாக இருக்கட்டும். அதை மட்டும் குறைத்துவிடாதீர்கள். என்னைப் பொறுத்தவரை முதல் எண்ணைவிட இரண்டாவது எண்தான் உயிர்.

மூன்றுநிமிடம் எழுதியது:

அக்கா, இதை நான் யோசித்ததே இல்லை. 25+10க்குப் பதில் 60+30 என்று வந்தால் என் ஓட்டு அதற்கு. ஆனால் இரண்டே நாளில் முடிகிற ரேபிட் போட்டி ஒன்றும் தனியாக வேண்டும் என்பதை விடமாட்டேன். ஐந்து நாள் விடுப்பு கிடைக்காதவர்கள் எங்கள் பக்கம் நிறைய பேர்.

ஏழாம்வரிசையானை எழுதியது:

அதில் எனக்கு முழுச் சம்மதம். ரேபிட் போட்டி தனியாக நடக்கட்டும், ரேட்டிங்கும் தனியாக இருக்கிறது. நானே ஆர்பிட்டராக நிற்கிறேன்.

கமிட்டிக்கு எழுதும்போது இதையும் சேருங்கள்: கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கான நார்ம் (ஒரு போட்டியில் எட்டவேண்டிய தகுதி) கிளாசிக்கல் போட்டியில்தான் கிடைக்கும், அதற்கு வேண்டிய 2500ம் கிளாசிக்கல் ரேட்டிங்தான். உங்கள் போட்டியில் நார்ம் யாரும் வாங்கப்போவதில்லை, தெரியும். ஆனால் அந்தப் பாதையில் கால்வைக்கும் ஒரு பிள்ளைக்கு முதல் ரேட்டிங் ஆட்டம் எங்காவது கிடைக்கவேண்டும். எல்லாக் கிளப்பும் ரேபிட்டுக்கு மாறிவிட்டால் அந்தப் பிள்ளை நீண்ட நேரம் உட்கார எங்கே கற்றுக்கொள்ளும்? நான்கு மணி நேரம் ஒரே பலகையில் மனதை வைப்பது ஒரு நாளில் வராது. முதல் சில போட்டிகளில் பிள்ளைகள் ஒரு மணி நேரம் மிச்சம் வைத்துக்கொண்டே தோற்றுவிடுவார்கள். எழுந்து போய் அடுத்த பலகையைப் பார்ப்பார்கள், கூரையைப் பார்ப்பார்கள். ஒரு வருடம் கழித்து அதே பிள்ளை நாற்காலியை விட்டு அசையாது. அந்த மாற்றத்தைப் பக்கத்திலிருந்து பார்ப்பதற்காகத்தான் நான் இன்னும் இந்த வேலையில் இருக்கிறேன்.

சிப்பாய்நடை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கேட்கும்போது என்னிடம் இல்லாத காரணங்கள் இப்போது கையில் இருக்கின்றன.

முன்வைக்கப்போவது இது: முதன்மைப் போட்டி கிளாசிக்கலாகவே தொடரும், 60 நிமிடம் + 30 விநாடி. ஒன்பது சுற்றுக்குப் பதில் ஏழு. வெள்ளி மாலை ஒன்று, சனி ஞாயிறில் நாளுக்கு மூன்று என்று ஒருவர் ஏற்கெனவே கணக்குப் போட்டுக் காட்டினார். மூன்று மணி நேர ஆட்டம் நாளுக்கு மூன்று என்றால் ஒன்பது மணி நேரம் பலகையில். அதை நான் ஒப்புக்கொள்ளப்போவதில்லை. இரண்டு வார இறுதிகளில், நாளுக்கு இரண்டு சுற்றுக்கு மேல் போகாமல் பிரித்துப் போட்டால் யாருக்கும் விடுப்பு வேண்டாம். 25+10 ரேபிட் தனிப் போட்டியாக, தனிப் பரிசோடு, வேறொரு வார இறுதியில்.

ரேட்டிங் அதிகம் உள்ளவர்கள் வந்தால் அவர்களுடைய ஆட்டம் 60+30இல் கிளாசிக்கல் ரேட்டிங்கில் சேருமா என்பதை அறிவிப்பிலேயே தெளிவாகப் போடவேண்டும். வரம்பைத் தாண்டுகிறவர்கள் இருந்தால் அவர்களுக்கு மட்டும் 90+30இல் தனிப் பிரிவு வைக்க முடியுமா என்று பார்க்கிறேன். சார், அந்தப் பிரிவுக்கும் நீங்களே ஆர்பிட்டராக வரமுடியுமா என்று தனியாகக் கேட்டு எழுதுகிறேன்.

அக்கா, பார்வையற்ற ஆட்டக்காரர்களுக்கான பலகை வைக்க மேசை அகலம் எவ்வளவு வேண்டும், பேசும் கடிகாரத்தை நீங்களே கொண்டுவருவீர்களா, நேரத்தையும் நகர்த்தல் எண்ணிக்கையையும் சொல்ல உதவியாளர் ஒருவரை நாங்கள் ஏற்பாடு செய்யவேண்டுமா என்று சொல்லுங்கள். அதையும் அதே தாளில் சேர்த்துவிடுகிறேன்.